ஓடென் அட்டையா, கிரிஃபின் அட்டையா? பிஎஸ் 3க்கு ஒரு கல்லூரிக் கூடைப்பந்து

2008 டிசம்பரில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அண்ணன் மகனுக்கென்று அமெரிக்காவிலிருந்து ஒரு பிஎஸ் 2 (பிளேஸ்டேஷன் 2) கல்லூரிக் கூடைப்பந்து டிஸ்க் கொண்டுவந்தேன். அவனுக்கு அப்போது ஏழு வயது. உறையைக் கிழித்து, டிஸ்க்கைத் தட்டில் வைத்து, இருவரும் பாயில் உட்கார்ந்தோம். சில நொடிகளில் திரை முழுவதும் இரத்தச் சிவப்பானது. பிளேஸ்டேஷன் வகை டிஸ்க்கைப் போடச் சொல்லி ஒரு வரி மட்டும் அதில் மிதந்தது. போட்டிருந்ததே அதுதான். நம் ஊரில் விற்ற பிஎஸ் 2 'பால்' (PAL) மண்டலத்தைச் சேர்ந்தது, நான் வாங்கியது வட அமெரிக்க டிஸ்க் என்ற விவரமெல்லாம் பிறகுதான் உறைத்தது. "சித்தப்பா, இது கெட்டுப்போன டிஸ்க்கா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

அந்தப் பையன் இப்போது கோவையில் வேலைக்குப் போகிறான். யாரோ ஒரு நண்பர் விட்டுச்சென்ற பிஎஸ் 3 அவனிடம் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏ ஆட்டங்களைக் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்ப்பவன், கல்லூரிக் கூடைப்பந்து விளையாட்டு ஒன்று வேண்டும் என்கிறான். "எதை வாங்குவது என்று நீங்களே சொல்லுங்கள், சித்தப்பா. ஆனால் இந்த முறை ஓட வேண்டும்" என்று எழுதியிருந்தான். பதினேழு ஆண்டுக் கடன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஏன் பழைய கன்சோல் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்துக்கென்று முழுமையாக வந்த கடைசி விளையாட்டு 2009 நவம்பரில் வெளியானது. இஏ நிறுவனத்தின் 'என்சிஏஏ பேஸ்கட்பால் 10' அது (என்சிஏஏ என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு). 2010 பிப்ரவரியில் அந்தத் தொடரை இஏ நிறுத்திவிட்டது. போட்டியாளரான 2கே நிறுவனம் அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்பே, 2008 ஜனவரியில், தன் 'காலேஜ் ஹூப்ஸ்' தொடரைக் கைவிட்டிருந்தது. 2025 ஜூன் கடைசியில் தாங்கள் திரும்பி வரப்போவதாக இஏ ஒரு வரி அறிவிப்பு விட்டது. வரும்போது வரட்டும். இன்று விளையாட வேண்டுமென்றால் பிஎஸ் 2, பிஎஸ் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய மூன்றில் ஒன்றைத் தூசி தட்டத்தான் வேண்டும். இந்த டிஸ்க்குகள் பிஎஸ் 4, பிஎஸ் 5 எதிலும் ஓடாது, புதிய எக்ஸ்பாக்ஸிலும் ஓடாது.

கன்சோல் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களுக்கு பிஎஸ் 3தான். இந்த விளையாட்டுகள் எல்லாம் அமெரிக்கச் சந்தைக்கென்றே வந்தவை. பிஎஸ் 2 டிஸ்க்கில் மண்டலப் பூட்டு உண்டு, அந்தச் சிவப்புத் திரையை நீங்களும் பார்ப்பீர்கள். எக்ஸ்பாக்ஸ் 360இல் பூட்டுவதும் விடுவதும் அந்தந்த வெளியீட்டாளரின் இஷ்டம், அதனால் அது ஒரு சூதாட்டம். பிஎஸ் 3 விளையாட்டுகளில், விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள் தவிர, மண்டலப் பூட்டே கிடையாது. எந்த நாட்டு டிஸ்க்கும் எந்த நாட்டு இயந்திரத்திலும் ஓடும். எச்டிஎம்ஐ கம்பி வழியே இன்றைய தொலைக்காட்சியில் தெளிவாகவும் தெரியும். பிஎஸ் 2இன் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பியைப் பெரிய எல்இடி திரையில் செருகினால் சட்டையில் இருக்கும் எண்ணைப் படிக்கவே கண்ணாடி வேண்டும். இந்த விளையாட்டுகளில் எண் எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, பிஎஸ் 3இல் நான்கு டிஸ்க்குகள் நிஜமான போட்டியாளர்கள்: 2கேவின் 'காலேஜ் ஹூப்ஸ் 2கே8', இஏவின் 'மார்ச் மேட்னஸ் 08', 'என்சிஏஏ பேஸ்கட்பால் 09', 'என்சிஏஏ பேஸ்கட்பால் 10'. 'காலேஜ் ஹூப்ஸ் 2கே7' என்று ஒன்றும் இருக்கிறது. 2கே8 கிடைக்கும்போது அதை யாரும் தேட வேண்டாம்.

2007 இலையுதிர் காலத்தில் கடைக்கு வந்த இரண்டு பெட்டிகளின் முன்னட்டைகளை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். 2கே8 அட்டையில் ஒஹாயோ ஸ்டேட்டின் கிரெக் ஓடென். மார்ச் மேட்னஸ் 08 அட்டையில் டெக்சஸின் கெவின் டியூரண்ட். அந்த ஆண்டு என்பிஏ தேர்வில் (அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்ச்சி) முதலாவதாக அழைக்கப்பட்டவர் ஓடென், இரண்டாவது டியூரண்ட். முழங்கால் ஒத்துழைக்காமல் ஓடென் என்பிஏவில் மொத்தம் ஆடியது 105 ஆட்டங்கள். டியூரண்ட் என்பிஏவின் பெரும் நட்சத்திரமானது ஊருக்கே தெரியும். ஆளைத் தேர்ந்தெடுத்ததில் இஏ வென்றது, விளையாட்டைச் செய்ததில் 2கே வென்றது. மார்ச் மேட்னஸ் 08 பார்க்க மினுக்கும். கையில் எடுத்தால் ஆட்டக்காரர்கள் சறுக்குத்தரையில் ஓடுவது போலிருக்கும். டியூரண்ட் அட்டை அலமாரியில் இருக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் தவிர வேறு யாருக்கும் அதை நான் சொல்லமாட்டேன். கெவின் லவ் அட்டையோடு வந்த 09 கொஞ்சம் மேல். அதிலும் 10 கையில் இருந்தால் 09க்கு வேலை இல்லை. எனவே போட்டி இரண்டே டிஸ்க்குகளுக்கு இடையில்தான்: ஓடென் அட்டை 2கே8, பிளேக் கிரிஃபின் அட்டை 10.

களத்துக்குள் மட்டும் பார்த்தால் 10 ஒரு விஷயத்தில் முன்னால் நிற்கிறது. கல்லூரி ஆட்டம் என்பிஏ போல ஒரு நட்சத்திரம் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்க மற்ற நால்வர் மூலையில் நின்று வேடிக்கை பார்ப்பது அல்ல. ஐவரும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஒருவன் எதிராளியின் வழியில் நின்று மறைப்பு வைப்பான், இன்னொருவன் அதைச் சுற்றி வருவான், பந்து கை மாறிக்கொண்டே இருக்கும். 10இல் இந்த ஓயாத நகர்வை இஏ உண்மையாகவே கொண்டுவந்தது. பந்தை வைத்துக்கொண்டு அவசரப்படாமல் மூன்று விநாடி பொறுத்தால், வலப்பக்கம் ஒருவன் மறைப்பைத் தாண்டி வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். அவன் வந்து சேரும் இடத்துக்கு முன்கூட்டியே பந்தை அனுப்பினால் வழி திறந்திருக்கும். என்பிஏ விளையாட்டு ஆடிப் பழகியவன் முதல் நாள் கட்டாயம் தோற்பான். அன்றைய ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் பந்தைக் கூடைக்கு எய்ய 35 விநாடி அவகாசம் (2015-16 பருவத்தில்தான் 30 ஆனது). என்பிஏவின் 24க்குப் பழகிய கை அத்தனை நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் பதறும்.

வர்ணனையிலும் 10 பெருந்தன்மை காட்டுகிறது. ஒரே டிஸ்க்கில் இரண்டு தொலைக்காட்சிகள். இஎஸ்பிஎன் ஆட்டம் என்றால் பிராட் நெஸ்லரும் டிக் வைடலும், சிபிஎஸ் ஆட்டம் என்றால் கஸ் ஜான்சனும் பில் ராஃப்டரியும். வைடல் உற்சாகத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'பேபி' என்று முடிப்பவர். முதல் ஐந்து ஆட்டங்களுக்கு இனிக்கும். ராஃப்டரி வேறு ரகம். தொலைக்காட்சியில் கடைசி நொடியில் நெஞ்சுரத்தோடு யாராவது பந்தைப் போட்டால் அவர் 'வெங்காயம்!' என்று கத்துவார். அங்கே அது உச்சகட்டப் பாராட்டு. நம் ஊரில் அந்தச் சொல்லை மேடையில் யார், எதற்குப் பயன்படுத்தினார் என்று தெரிந்தவன் அதை முதல்முறை கேட்கும்போது திடுக்கிடத்தான் செய்வான். 2கே8இலும் இதே ராஃப்டரிதான், பக்கத்தில் வெர்ன் லண்ட்குவிஸ்ட். ஒரே மனிதரின் குரல் இரண்டு எதிரி நிறுவனங்களின் டிஸ்க்கிலும் இருப்பதால் வர்ணனையைப் பொறுத்தவரை யாரும் பெரிதாக இழக்கமாட்டார்கள்.

2கே8இன் களம் மெதுவானது, கனமானது. வேகமாக ஓடி மோதினால் பந்து கை நழுவும். வெளியூர் ஆட்டங்களில் உள்ளூர்க் கூட்டம் ஆறாவது ஆளாக உங்கள் மேல் ஏறி உட்காரும். எதிரணி 2-3 மண்டலத் தடுப்பு (முன்னால் இருவர், கூடையருகே மூவர்) போட்டுவிட்டால் உள்ளே நுழைய இடம் இருக்காது. கல்லூரியில் தடுப்பாளர் கூடைக்கு அடியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம், என்பிஏவின் மூன்று விநாடி விதி அங்கே இல்லை. அதை உடைக்க மூலையிலிருந்து எய்பவன் ஒருவன் வேண்டும். அப்படி ஒருவன் உங்களிடம் இல்லையென்றால் அடுத்த ஆண்டாவது ஒருவனைப் பிடித்து வர வேண்டும். இந்த 'பிடித்து வருவது' என்ற இடத்தில்தான் இரண்டு டிஸ்க்குகளும் வெவ்வேறு வழியில் பிரிகின்றன.

கல்லூரிக் கூடைப்பந்தில் ஆட்டக்காரன் வாடகைக்கு இருப்பவன். அதிகபட்சம் நான்கு ஆண்டு. 2006 தேர்விலிருந்து என்பிஏ பத்தொன்பது வயது விதி கொண்டுவந்ததால், பெருந்திறமைசாலிகள் ஓராண்டு கல்லூரியில் தங்கிவிட்டுப் பறந்துவிடுவார்கள். ஓடெனும் டியூரண்டும் அப்படித்தான். வீட்டுக்காரர் பயிற்சியாளர். அவர்தான் முப்பது ஆண்டு ஒரே பக்கவாட்டில் நிற்கிறார். அந்தக் காலத்தில் அணிக்கு உதவித்தொகை இடங்கள் 13, ஒவ்வொரு வசந்தத்திலும் அதில் மூன்றோ நான்கோ காலியாகும், நாடு முழுவதும் 300க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதே பையன்களைத் துரத்தும். இந்தத் துரத்தல் இல்லாத கல்லூரி விளையாட்டு, சட்டை மாற்றிய என்பிஏதான்.

2கே8இன் 'லெகசி' பகுதி இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டது. சின்னக் கல்லூரியில் தொடங்கி மேலேறும் வழியும் உண்டு, பிடித்த கல்லூரியை நேரே எடுக்கும் வழியும் உண்டு. முதல் வழியே ருசி. யாரும் கேள்விப்படாத ஒரு கல்லூரி, சுமாரான ஆட்டக்காரர்கள், கல்லூரி நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. வாரம் முழுக்கப் பள்ளி மாணவர்களை ஆராய்வது, தொலைபேசியில் பேசுவது, உதவித்தொகை கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்குவது என்று போகும். ஒரு முறை ஒரு மையஆட்டக்காரனை இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து துரத்தினேன். எங்கள் கல்லூரிதான் அவன் பட்டியலில் முதலிடம். கடைசி வாரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவன் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். அன்று இரவு நான் ஒரு ஆட்டமும் ஆடவில்லை, வெறும் பட்டியல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் தூங்கும்போது மணி இரண்டு. அறைத்தோழன் என்னைப் பார்த்துக் கூடைப்பந்து விளையாட்டா, வரன் பார்க்கும் வேலையா என்று கேட்டான்.

10இல் இருக்கும் 'டைனஸ்டி' பகுதியிலும் ஆள்சேர்ப்பு இருக்கிறது. படிவம் நிரப்புவது போல இருக்கிறது. நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால் ஆள் வந்துவிடுவான், ஏமாற்றமும் இல்லை, அதனால் மகிழ்ச்சியும் இல்லை. இரண்டு பருவம் கழித்து நான் அதை மூடிவிட்டேன். இது என் ருசி. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு நண்பர்கள் கூடி ஆளுக்கொரு ஆட்டம் ஆடிவிட்டுக் கலைவதுதான் உங்கள் வழக்கம் என்றால் இந்தக் குறை உங்கள் கண்ணில் படவே படாது. அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் 10ஐ வாங்கலாம்.

இனி எண் விஷயம். இரண்டு டிஸ்க்கிலும் ஆட்டக்காரர் பெயர்கள் கிடையாது. மாணவர்கள் சம்பளமில்லாத ஆட்டக்காரர்கள் என்பதால் பெயரை விற்கக் கூடாது என்பது என்சிஏஏவின் அன்றைய விதி. உயரம், நிறம், கை, சட்டை எண் எல்லாம் அச்சாக இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. இந்தக் கபடம்தான் கடைசியில் தொடரையே நிழலாகத் தொடர்ந்தது. 1995இல் யூசிஎல்ஏ அணிக்குக் கோப்பை வாங்கித்தந்த எட் ஓ'பானன், நண்பர் வீட்டில் பழம்பெரும் அணிகள் அடங்கிய இஏ விளையாட்டு ஒன்றில் தன்னையே பார்த்தார். இடதுகை, எண் 31, வழுக்கைத் தலை. தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2009 ஜூலையில் வழக்குத் தொடுத்தார். 2014 ஆகஸ்டில் நீதிபதி கிளாடியா வில்கன் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். இஏவும் கல்லூரிகளின் உரிமங்களைக் கையாண்ட நிறுவனமும் நான்கு கோடி டாலர், என்சிஏஏ இரண்டு கோடி டாலர் கொடுத்துத் தனியே சமரசம் செய்துகொண்டன. 2024இல் இஏவின் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து விளையாட்டு திரும்ப வந்தபோது அதில் இடம்பெற ஒப்புக்கொண்ட ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 600 டாலரும் ஒரு பிரதியும் கிடைத்தது, பெயரும் அச்சானது.

ஆனால் பழைய டிஸ்க்கில் பெயரை நீங்கள்தான் எழுத வேண்டும். அது ஒரு சுமை என்பார்கள். எனக்கு அது ஒரு சடங்கு. 2008 மார்ச்சில் நான் வட கரோலைனாவின் ராலியில் படித்துக்கொண்டிருந்தேன். டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி எங்கள் ஊருக்கே வந்து தேசியக் கல்லூரிப் போட்டியின் முதல் இரண்டு சுற்றுகளை ஆடியது. டிக்கெட் கிடைக்கவில்லை, அறையில் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். இரண்டாம் சுற்றில் ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 17 புள்ளி பின்தங்கியிருந்தது டேவிட்சன். அதற்குப் பிறகு அந்த ஒல்லிப் பையன், எண் 30, இரண்டாம் பாதியில் மட்டும் 25 புள்ளி எடுத்தான். 74-70. ஆட்டம் முடிந்த கையோடு அறைத்தோழனின் எக்ஸ்பாக்ஸில் 2கே8ஐப் போட்டு, டேவிட்சன் அணியைத் திறந்து, எண் 30க்கு நேரே ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, பின்னாளில் என்பிஏவின் பெரும் நட்சத்திரமான 'ஸ்டெஃபன் கரி'யின் பெயரை அடித்தோம். அடுத்த வாரம் விஸ்கான்சினையும் வென்று, கான்சஸிடம் 59-57 என்று தோற்றது டேவிட்சன். எங்கள் அறையில் மட்டும் அது மூன்று முறை கோப்பை வாங்கியது.

டிஸ்க் என்பது ஒரு பருவத்தை உறைய வைத்த கண்ணாடிப் பெட்டி. 2கே8இல் இருப்பது 2007-08: டேவிட்சனில் கரி, மெம்ஃபிஸில் டெரிக் ரோஸ், பதினாறு அணிகள் கொண்ட பழைய பிக் ஈஸ்ட் கூட்டமைப்பு. மூன்று புள்ளிக் கோடுகூடப் பழையது, 6.02 மீட்டர். அடுத்த பருவத்திலிருந்து அதை 6.32க்குத் தள்ளினார்கள். 10இல் இருப்பது 2009-10: கென்டக்கியில் ஜான் வால், டிமார்கஸ் கசின்ஸ். நிஜத்தில் அந்தப் பருவம் பட்லர் என்ற சின்னக் கல்லூரி இறுதி ஆட்டத்தில் டியூக்கிடம் 61-59 என்று தோற்று, அரைக்களத்திலிருந்து எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்த பருவம். அந்தக் கடைசிப் பந்தைத் திருத்தி எழுத ஆசைப்படுபவர்களுக்கு 10 நல்ல காரணம். இன்றைய அணிகள்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2கே8 கைகொடுக்கும். ஆர்வலர்கள் அதற்கு இன்னமும் புதிய அணிப் பட்டியல்களை உருவாக்கிப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். எக்ஸ்பாக்ஸில் அப்படிப்பட்ட கோப்பு உருவாக்கியவரின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும், கணினியில் அதை உங்கள் கணக்குக்கு மாற்றி டிஜிட்டல் கையெழுத்திட்ட பிறகே திறக்கும். இந்த வித்தையில் பொறுமை இல்லாதவர்கள் பெயரைக் கையால் அடிப்பதே மேல்.

இணையத்தில் யாரோடும் மோதலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு விளையாட்டுகளின் சர்வர்களும் மூடி ஆண்டுகளாகின்றன. ஒரே அறையில் இரண்டு கைப்பிடிகள், அவ்வளவே. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. 2கே8 ஒரே பெயரில் பிஎஸ் 2, பிஎஸ் 3, எக்ஸ்பாக்ஸ் 360 மூன்றுக்கும் வந்தது. எல்லா அட்டையிலும் அதே ஓடென்தான். போன மாதம் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பிஎஸ் 3க்கு என்று கேட்டு வாங்கினேன். வந்து சேர்ந்தது பிஎஸ் 2 டிஸ்க். பிஎஸ் 3 ப்ளூரே பெட்டி உயரம் குறைந்தது, பிஎஸ் 2 பெட்டி டிவிடி பெட்டி போல உயரமானது. படத்தில் பெட்டியின் உயரத்தைப் பாருங்கள், டிஸ்க்கின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தத் தவறான டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, சரியானதை வாங்கி, ஜனவரியில் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். அண்ணன் மகனிடம் சொன்னதும் முதல் கேள்வி, "எந்த அணியில் தொடங்கலாம், சித்தப்பா? டியூக்?" டியூக் வேண்டாம், டேவிட்சனில் தொடங்கு, ஒரு பெயர் மட்டும் அடிக்க வேண்டியிருக்கும் என்றேன். யார் பெயர் என்று கேட்டான். எண் 30 என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "2008இல் கொண்டுவந்த அந்த டிஸ்க்கிலும் அவர் இருந்தாரா?"

இருந்தார்.